நாற்பத்து மூன்று ஐந்துகள்

எங்கள் அறையில் நான்தான் சீனா, ரங்கராஜன் அமெரிக்கா. இதைச் சொன்னால் என் கணவர் ஞானேஸ்வரன் இன்றைக்கும் சிரிப்பார். சிரித்தால் சிரிக்கட்டும், சம்பளப் பத்திரத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது.

விஷயம் இதுதான். சீனாவில் ஒரு பல்கலைக்கழகமும் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு பட்டப்படிப்பு நடத்துகின்றன. பிள்ளைகள் முதல் இரண்டு வருடம் சீனாவில் படிப்பார்கள். கடைசி வருடம் அமெரிக்காவில். நடுவில் மூன்றாம் வருடத்துக்கு லண்டன். ஏன் லண்டன் என்று என்னைக் கேட்கவேண்டாம். அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு டொட்டன்ஹாம் கோர்ட் ரோட்டுக்குப் பக்கத்தில் இரண்டு மாடிகள் குத்தகைக்கு இருந்தன, சும்மா கிடக்கிறதே என்று இதைத் தொடங்கியிருப்பார்கள். ஆசிரியர்களில் பாதிப்பேரைச் சீனப் பக்கம் எடுக்கும், மற்றப் பாதியை அமெரிக்கப் பக்கம் எடுக்கும். புள்ளிவிபரவியல் படிப்பிக்க என்னைச் சீனப் பக்கம் எடுத்தது. நிகழ்தகவு படிப்பிக்கத் தஞ்சாவூர் ரங்கராஜனை அமெரிக்கப் பக்கம் எடுத்தது. இரண்டு தமிழரையும் ஒரே அறையில் போட்டது யார் புண்ணியமோ தெரியாது.

சீனப் புத்தாண்டுக்கு எனக்கு ஒரு கிழமை லீவு, அவருக்கு இல்லை. அமெரிக்காவின் நன்றி நாளுக்கு அவருக்கு இரண்டு நாள் லீவு, எனக்கு இல்லை. தைப்பொங்கலுக்கு இரண்டு பேருக்கும் இல்லை. அன்றைக்கு அவருடைய மனைவி ராஜி கொடுத்துவிடும் சர்க்கரைப் பொங்கலை இரண்டு மேசைக்கும் நடுவில் வைத்துச் சாப்பிட்டுவிட்டு, சீனா ஒரு வகுப்புக்கும் அமெரிக்கா ஒரு வகுப்புக்கும் எழுந்து போவோம்.

ரங்கராஜன் நல்ல மனுசன். ஆனால் அவருடைய நேர்மை சில நேரம் எனக்கு எரிச்சலைக் கிளப்பும். காலை ஒன்பது மணிக்கு வகுப்பு என்றால் ஒன்பதுக்குக் கதவைச் சாத்துவார். ஒரு நிமிடம் பிந்தி வந்தாலும் வெளியேதான். ட்யூப் நின்றுபோனது, பஸ் வரவில்லை என்ற கதை ஒன்றும் எடுபடாது. மனோர் பார்க்கிலிருந்து அவர் எட்டு மணிக்கே வந்து வெறும் வகுப்பறையில் உட்கார்ந்திருப்பார், யாருக்காவது சந்தேகம் இருந்தால் கேட்கட்டும் என்று. முதல் வருடம் ஒருவரும் வரவில்லை. இரண்டாம் வருடம் இரண்டு பேர் வந்தார்கள். இந்த வருடம் எட்டரைக்கெல்லாம் வகுப்பில் பாதி நிறைந்துவிடுகிறது. நான் மோர்டனில் ஏறி கெனிங்டனில் மாறி ஒன்பதேகாலுக்கு வந்து சேரும்போது அந்தக் கதவுக்கு வெளியே நிற்கிற ஒன்றிரண்டு முகங்களைப் பார்ப்பேன். பாவமாக இருக்கும். நானென்றால் உள்ளே விட்டிருப்பேன்.

எங்களைச் சோதிக்கிற விதமும் வேறு வேறு. சீனப் பக்கம் வருடத்துக்கு இரண்டு தடவை, வேலையிலிருந்து இளைப்பாறிய பேராசிரியர் ஒருவரை அனுப்பும். அவர் வகுப்பின் பின்னால் கடைசி வாங்கில் உட்கார்ந்து, சுடுதண்ணீர்ப் போத்தலைத் திறந்து திறந்து குடித்து, கொப்பியில் என்னவோ குறித்துக்கொண்டு போவார். அவ்வளவுதான். அமெரிக்கப் பக்கம் பிள்ளைகளைக் கேட்கும். ஒவ்வொரு பிள்ளையும் கணினியில் ஒரு படிவம் நிரப்பவேண்டும். ஆசிரியருக்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை புள்ளி, கீழே இரண்டு வரி கருத்து. பெயர் எழுதத் தேவையில்லை. எல்லாவற்றையும் கூட்டி வகுத்து வருகிற சராசரிதான் அந்த ஆசிரியருடைய தலையெழுத்து.

ரங்கராஜனுக்குப் போன வருடம் மூன்று புள்ளி ஆறு வந்திருந்தது. இதை அவராகச் சொல்லவில்லை. மார்ச் மாதம் ஒரு நாள் அச்சு இயந்திரத்தில் என்னுடைய தாள்களோடு அவருக்கு வந்த கடிதத்தின் பிரதியும் கிடந்தது. நான் வாசித்துவிட்டேன். வாசித்திருக்கக் கூடாதுதான், கண்ணுக்கு முன்னால் கிடந்தால் என்ன செய்வது. இந்த வருடம் நான்குக்குக் கீழே போனால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படமாட்டாது என்று அதில் இருந்தது.

கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கோபிக்கவில்லை. கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "நாலு வரலைன்னா ஆகஸ்டோட சரி மேடம்" என்றார். அதற்குப் பிறகு அன்றைக்கு மத்தியானம் கொஞ்சம் கொஞ்சமாக மற்றதையும் சொன்னார். அவருடைய விசா இந்த வேலையோடு கட்டியது. வேலை போனால் அறுபது நாளில் புது வேலை, இல்லையென்றால் ஊருக்குப் பயணம். நிரந்தர வதிவிடத்துக்கு ஐந்து வருடம் முடிய இன்னும் பத்து மாதம் இருந்தது. மகள் பிரீத்தா பள்ளிக்கூடத்தில் ஏ லெவல் முதல் வருடத்தில் இருந்தாள். பாதியில் தூக்கிக்கொண்டு போனால் அந்தப் பிள்ளை எங்கே போய்ச் சேரும்? ராஜிக்கு இந்தக் கடிதம் பற்றித் தெரியாது என்றார்.

அன்று நான் ஒரு தாள்கூடத் திருத்தவில்லை. நான் ஜெர்மனியில் பதினொரு வருடம் இருந்துவிட்டு லண்டன் வந்தவள், பாஸ்போர்ட்டும் வீடும் உள்ளவள். எனக்கு வேலை போனால் ஞானேஸ்வரனுடைய கார் திருத்தும் கடையில் கணக்கு எழுதிக்கொண்டு இருப்பேன். இந்த மனுசனுக்கு வெறும் பூச்சியம் புள்ளி நாலுக்காகக் குடும்பமே பெட்டி கட்டவேண்டுமா? அதுவும், பிள்ளைகளுக்கு அவரைப் பிடிக்காமலா? பிடிக்கும். எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பிள்ளைகள் படிவத்தில் மூன்று என்றால் 'நல்லம்' என்று போட்டிருப்பதைப் பார்த்து, சரி, நல்லம்தானே என்று மூன்றைக் குத்திவிட்டுப் போகிற ஆட்கள். அதன் விலை அவர்களுக்குத் தெரியாது.

அப்போதுதான் நான் அந்த வேலையைச் செய்தேன்.

ரங்கராஜன் படிப்பிக்கிற வகுப்பின் மொனிற்றர் ஷு நிங் என்றொரு பெண். சீனப் பல்கலைக்கழகத்தில் வகுப்புக்கு வகுப்பு மொனிற்றர் உண்டு. எங்கள் ஊர் ஸ்கூலில் வெண்கட்டி எடுத்துவருகிற மொனிற்றர் மாதிரி இல்லை. யாருக்குக் காய்ச்சல், யாருக்கு வீட்டு நினைவு, யார் ஒப்படை கொடுக்கவில்லை, எல்லாம் அவள் கையில். ஆசிரியர் சொல்வதை வகுப்புக்குக் கொண்டுபோவதும் வகுப்பு சொல்வதை ஆசிரியரிடம் கொண்டுவருவதும் அவள்தான். அமெரிக்கப் பக்கத்தாருக்கு இது பிடிக்காது. ஒவ்வொரு மாணவரும் தனித்தனியாக வந்து பேசட்டும் என்பார்கள். ஒருவரும் தனித்தனியாகப் போவதில்லை. எல்லோரும் ஷு நிங்கிடம் போவார்கள், ஷு நிங் வருவாள்.

ஒரு புதன்கிழமை லிப்டுக்குப் பக்கத்தில் அவளை மறித்தேன். ரங்கராஜன் சேரைப் பிடிக்குமா என்று கேட்டேன். மிகவும் பிடிக்கும் என்றாள். அப்படியென்றால் அதைப் படிவத்தில் காட்டவேண்டும், மூன்று போட்டால் அமெரிக்கர் அதைத் தோல்வி என்று வாசிப்பார்கள் என்றேன். அவள் கவனமாகத் தலையாட்டினாள். பிறகு ஒரேயொரு கேள்வி கேட்டாள், எத்தனை போடவேண்டும் என்று. நான் ஐந்து விரலையும் விரித்துக் காட்டினேன்.

அதில் ஒரு பிழை இருப்பதாக அந்த நேரம் எனக்குத் தோன்றவேயில்லை. எங்கள் கோயில் நிர்வாகசபைத் தேர்தலில் ஆளுக்கு ஆள் போன் அடித்துச் சொல்வதில்லையா? நல்ல மனுசனுக்கு நாலு பேரிடம் நல்ல வார்த்தை சொல்வது எந்த ஊரில் குற்றம்? மனது லேசாகி, அன்றைக்கு வீட்டுக்குப் போய் புட்டு அவித்தேன்.

படிவம் மூடி இரண்டாம் நாள் டீன் ரங்கராஜனைக் கூப்பிட்டார். வில்காக்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி, கெட்டவர் இல்லை, ஆனால் சட்டப் புத்தகத்தை மனப்பாடம் செய்தவர். அரை மணித்தியாலம் கழித்து ரங்கராஜன் ஒரு தாளோடு அறைக்கு வந்தார். முகம் வெளிறியிருந்தது. தாளை என் மேசையில் வைத்தார்.

நாற்பத்து மூன்று பிள்ளைகள், நாற்பத்து மூன்று ஐந்துகள். சராசரி ஐந்து. விலகல் பூச்சியம். நாற்பத்து மூன்று பேர் ஒரே கருத்தோடு இருக்கிற இடம் சுடுகாடு மட்டும்தான் என்று வகுப்பில் நானே சொல்லியிருக்கிறேன். இது போதாதென்று கீழே கருத்து எழுதும் பெட்டியிலும் நாற்பத்து மூன்று பேரும் ஒரே வசனத்தை எழுதியிருந்தார்கள், முற்றுப்புள்ளி உட்பட. "ஒன்பது மணிக்குக் கதவை மூடுகிற பேராசிரியர் எட்டு மணிக்கே வந்து எங்களுக்காகக் காத்திருக்கிறார்."

கணினியே இதைப் பிடித்து டீனுக்கு அறிவித்துவிட்டதாம். ஆசிரியர் மாணவர்களை நிர்ப்பந்தித்துப் புள்ளி வாங்கினார் என்று விசாரணை. அது உண்மையென்று முடிந்தால் ஒப்பந்தம் புதுப்பிப்பதென்ன, ஆகஸ்ட் வரைகூட இருக்கவிடமாட்டார்கள். அதோடு நற்சான்றுக் கடிதமும் கிடைக்காது, வேறு எந்தப் பல்கலைக்கழகமும் எடுக்காது. ரங்கராஜன் நாற்காலியில் உட்கார்ந்து, தான் ஒரு பிள்ளையிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை என்று சொன்னார். என்னிடம்கூட இதைச் சொல்லவேண்டியிருக்கிறதே என்பதுபோல இரண்டாம் தடவையும் சொன்னார்.

நான் சொல்லியிருக்கவேண்டிய நேரம் அதுதான். சொல்லவில்லை. ஊரெல்லாம் கேட்கிற மாதிரிக் கதைக்கிற எனக்கு அன்றைக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. தலையிடி என்று பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவிட்டேன். இதை எழுத எனக்கு இன்னும் வெட்கம்.

ஞானேஸ்வரனிடம் சொன்னேன். அவர் கையிலிருந்த எண்ணெய்க் கறையைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். நான் நினைத்தேன், உம்முடைய மனது நல்ல மனது என்று ஏதாவது சொல்வார் என்று. "நாளைக்கு எத்தனை மணிக்கு அவரிட்டைச் சொல்லப்போறீர்?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த நாள் விடியவே கிளம்பி எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். வாழ்க்கையில் முதல் தடவை. விசாரணை முடியும் வரை வகுப்பெடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம், ஆனாலும் ரங்கராஜன் வழக்கமான நேரத்துக்கே வந்து, மாடிச் சமையலறையில் கேத்தல் கொதிக்கும் வரை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"சேர், அந்தப் பிள்ளையளிட்டை அஞ்சு போடச் சொன்னது நான்தான். லிப்டடியிலை ஷு நிங்கை மறிச்சுச் சொன்னனான். பேசுறதெண்டால் பேசுங்கோ."

அவர் பேசவில்லை. எங்கள் பக்கத்தில் பேசுவதென்றால் திட்டுவது, அவருக்கு இத்தனை வருடத்தில் அது பழகிவிட்டது. திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். கேத்தல் கொதித்து, தானாக நின்றது. நான்தான் பொறுக்கமாட்டாமல் விசா, பிரீத்தாவின் படிப்பு, மூன்று என்றால் நல்லம் என்று நினைக்கிற பிள்ளைகள் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். டீனிடம் இன்றைக்கே போய்ச் சொல்கிறேன், உங்கள் பெயரில் ஒரு தூசும் படாது என்றேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அது சரியாயிடும் மேடம். நான் அதச் சொல்லல. போன வருஷம் மூணு புள்ளி ஆறு போட்டாங்க. வலிச்சுது. ஆனா அந்த மூணு புள்ளி ஆற வச்சுக்கிட்டுதான் ஒரு வருஷமா வேலை பார்த்தேன். பேசற வேகத்தக் குறைச்சேன். போர்டுல பெரிசா எழுதினேன். அது அவங்களுக்குப் பிடிச்சுதா இல்லையான்னு இந்தத் தடவை தெரியும்னு காத்துக்கிட்டிருந்தேன். இப்ப எனக்கு ஒண்ணுமே தெரியாதே."

வேலை போகும் என்று நான் பயந்தேன். அவரும் பயந்திருப்பார்தான். ஆனால் அந்தப் பயத்துக்குக் கீழே இப்படியொன்று இருக்கும் என்று எனக்குப் புத்தியில் படவில்லை. அவர் தேநீரை ஊற்றிக்கொண்டு, சொன்னதற்கு நன்றி, கலாவதி, என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனார். அன்றையிலிருந்து அவர் என்னோடு தமிழில் கதைக்கவில்லை. காலை வணக்கமும் ஆங்கிலம், ஜன்னலைத் திறக்கலாமா என்பதும் ஆங்கிலம். ஒரே அறையில் மூன்று கிழமை அமெரிக்காவும் சீனாவும் ஆங்கிலத்தில் மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்தன. அந்த மரியாதையைத் தாங்க முடியவில்லை.

டீனிடம் போனேன். நான் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டார். சீனப் பக்கத்துக்காகப் பேராசிரியர் காவ் திரையில் வந்தார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தங்கள் நாட்டில் ஆசிரியர் ஒருவர் மொனிற்றரிடம் சொல்வதும் மொனிற்றர் வகுப்பிடம் சொல்வதும் வழக்கம்தான், இதில் குற்றம் எங்கே இருக்கிறது என்று உண்மையாகவே விளங்காமல் கேட்டார். எனக்கு அந்த மனுசனைக் கட்டிப்பிடிக்கவேண்டும் போலிருந்தது. டீன் அவருக்குப் பத்து நிமிடம் விளக்கினார். காவ் தலையாட்டினார், விளங்கிவிட்டதா மரியாதைக்கா என்று எனக்குத் தெரியாது.

பிறகு ஷு நிங்கைக் கூப்பிட்டார்கள். பிள்ளை உள்ளே வந்தது. வந்த வேகத்தில் தவறு முழுக்கத் தன்னுடையது, மொனிற்றர் தான், தன்னைத் திருப்பி அனுப்பினாலும் வகுப்பைத் தண்டிக்கவேண்டாம் என்றது. நான் கதிரையிலிருந்து எழும்பிவிட்டேன். அவளுக்கு ஐந்து விரலைக் காட்டினது நான், அவள் சொன்னதைச் செய்த பிள்ளை என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். டீன் என்னை உட்காரச் சொன்னார்.

டீனுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. புள்ளி சரி, அந்த வசனம் யாருடையது? ரங்கராஜன் எழுதிக் கொடுத்ததா, நான் எழுதிக் கொடுத்ததா? ஷு நிங் தன்னுடைய போனை எடுத்து வகுப்புக் குழுவைக் காட்டினாள். காவ் வாசித்து மொழிபெயர்த்தார். ஒன்றரை மணித்தியாலம் சண்டை பிடித்திருக்கிறார்கள். நல்ல ஆசிரியர் என்று எழுதுவோம் என்று ஒருவன். அது எல்லோருக்கும் எழுதுவது என்று இன்னொருத்தி. கதவு மூடியதில் தனக்கு மூன்று வகுப்புப் போனது, அதையும் எழுதவேண்டும் என்று ஒருவன். அப்படியென்றால் எட்டு மணிக்கு வருவதையும் எழுது என்று நாலு பேர். கடைசியில் வாக்கெடுத்து அந்த ஒரு வசனத்தைத் தெரிவுசெய்திருக்கிறார்கள். பாவம், வெட்டி ஒட்டினால் பிடிபடும் என்பதுகூடத் தெரியாமல். எல்லோரும் சேர்ந்து எழுதிய வசனம் என்பதால் எல்லோரும் அதையே போட்டார்களாம், மாற்றினால் வாக்கை மதிக்காதது போலிருக்குமாம்.

ரங்கராஜன் அந்த நேரம் முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வசனம் அவருக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும். ஆனால் அது அவருடைய கைக்கு ஒரு தடயமாகத்தான் வந்து சேர்ந்தது. அதைக் கெடுத்தவள் நான்.

தீர்ப்பு வந்தது. ரங்கராஜன் மேல் குற்றமில்லை. ஆனால் அந்த நாற்பத்து மூன்று ஐந்துகளும் செல்லாது. திரும்பவும் படிவம் நிரப்பவேண்டும். கணினி அறையில், டீன் முன்னால், போன் இல்லாமல், ஒருவரோடு ஒருவர் பேசாமல். வருகிற சராசரி எதுவோ அதுதான் முடிவு, நான்கு என்ற எல்லையில் மாற்றமில்லை. எனக்கு எழுத்தில் ஒரு கண்டிப்பு, அடுத்த தவணை அந்த வகுப்புக்கு நான் படிப்பிக்கக் கூடாது. அதோடு விட்டார்களே.

அந்த இரண்டாம் படிவ நாளன்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. டீன் பிள்ளைகளிடம் என்ன சொல்வார் என்று தெரியும். மனதில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள் என்பார். அங்கேதான் எனக்குப் பயம். இந்தப் பிள்ளைகள் சொன்னால் செய்கிற பிள்ளைகள். ஐந்து போடு என்றால் ஐந்து போட்டார்கள். உள்ளதைச் சொல் என்றால் உள்ளதைச் சொல்லிவிடுவார்களே! கதவு மூடியதில் மூன்று வகுப்பைத் தொலைத்தவன் என்ன போடுவான்? ரங்கராஜன் வேகத்தைக் குறைத்திருக்கிறார் என்கிறார், ஆனால் அவர் குறைத்த வேகத்துக்கே நான் மூச்சு வாங்குவேன். நாற்பத்து மூன்று பேருக்கு நாலு என்றால் மொத்தம் நூற்றெழுபத்திரண்டு புள்ளி வேண்டும். நான் ஒரு தாளில் இத்தனை ஐந்து, இத்தனை நாலு, இத்தனை மூன்று என்று போட்டுப் போட்டுப் பார்த்தேன். பத்துப் பேர் மூன்று போட்டால் பத்துப் பேராவது ஐந்து போடவேண்டும். போடுவார்களா?

ரங்கராஜன் எதிர் மேசையில் இருந்து அடுத்த கிழமை வகுப்புக்குக் கணக்குகள் தயாரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு அடுத்த வருடம் வகுப்பு இருக்குமோ தெரியாது, மனுசன் கணக்குப் போடுகிறார். நான் அவர் கேட்கிற மாதிரிப் பெருமூச்சு விட்டேன். அவர் ஆங்கிலத்தில், ஹீட்டரைக் கூட்டவா என்று கேட்டார்.

மூன்றரைக்கு டீனே நேரில் வந்து தாள்கள் அடங்கிய ஒரு கோப்பை அவர் மேசையில் வைத்தார். கொஞ்சம் சிரித்த மாதிரி இருந்தது, அமெரிக்கர் எப்போதும் கொஞ்சம் சிரித்த மாதிரிதானே, அதை வைத்து ஒன்றும் சொல்ல ஏலாது. அவர் போனதும் ரங்கராஜன் கோப்பைத் திறக்காமல் அதன் மேல் கையை வைத்துக்கொண்டு இருந்தார். நானும் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அது எவ்வளவு பெரிய வேலை என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

திறந்தார். முதல் பக்கத்தைப் பார்த்தார். என் பக்கம் திருப்பி வைத்தார்.

நூற்றெழுபத்தைந்து. சராசரி நான்கு புள்ளி ஒன்று.

நான் மேசையில் தலையை வைத்துவிட்டேன். கண்ணீர் வந்தது, மறைக்கவில்லை. பிரீத்தா இங்கேயே படித்து முடிப்பாள். ராஜிக்கு ஒன்றும் தெரியாமலே எல்லாம் முடிந்துவிட்டது. நான் கெடுத்தது நான் கெடுத்த அளவிலேயே நின்றுவிட்டது. நான் நிமிர்ந்து பார்த்தபோது அவர் முதல் பக்கத்தை விட்டு உள்ளே போயிருந்தார், கருத்துகளை வாசித்துக்கொண்டு.

இந்தத் தடவை நாற்பத்து மூன்றும் வேறு வேறு. ஒருவன் இரண்டு போட்டிருந்தான், கதவைப் பற்றி ஒரு பந்தி எழுதியிருந்தான். ரங்கராஜன் அதை இரண்டு தடவை வாசித்துச் சந்தோஷமாகத் தலையாட்டினார், நியாயம்தான் என்பதுபோல. பேராசிரியர் தன்னுடைய பகிடிக்குத் தானே முதலில் சிரித்துவிடுவதால் பகிடி விளங்குவதில்லை என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தது. போர்டில் எழுத்து பெரிது, கடைசி வாங்கிலிருந்தும் தெரிகிறது என்று இன்னொன்று. அந்த வரியைப் பார்த்ததும் அவர் பேனையை எடுத்து அதன் கீழே கோடு போட்டார், பரீட்சைத் தாளில் சரியான விடைக்குப் போடுவதைப்போல. மூன்று கிழமையில் அந்த முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் பார்க்கவில்லை.

கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் நின்றுவிட்டார். தாளைக் கையில் எடுத்து எனக்கு வாசித்துக் காட்டத் தொடங்கினார். பாதியில் நிறுத்தினார். தாளை என்னிடம் நீட்டினார்.

படிவத்தில் பெயர் எழுத இடமில்லை. ஆனால் கருத்துப் பெட்டியின் அடியில் பெயர் இருந்தது, ஷு நிங். நான்கு போட்டிருந்தாள். நான் மனதுக்குள் தமிழாக்கி வாசித்தேன்.

"போன தடவை நான் ஐந்து போட்டேன், போடச் சொன்னார்கள். இந்தத் தடவை நான்கு போடுகிறேன். நான்கு பேராசிரியருக்குப் போதுமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் என் வாழ்க்கையில் யாரையும் கேட்காமல் நான் போட்ட முதல் புள்ளி இது. அதை அவருக்குத்தான் போடவேண்டும் என்று நினைத்தேன்."

அந்தப் பிள்ளை நாற்பத்திரண்டு பேருக்காக மூன்று வருடமாக மற்றவர்கள் சொன்னதைச் சுமந்து திரிந்த பிள்ளை. தாளை இரண்டு மேசைக்கும் நடுவில் வைத்தேன்.

ஆனால் என்னுடைய குணம் என்னை விடுமா? வேலை போகக்கூடும் என்று விசாரணையில் அறிந்த பிள்ளை, இவ்வளவு அன்பு வைத்திருக்கிற பிள்ளை, அந்த ஒரு புள்ளியை எதற்குக் குறைத்தது? என்ன குறை கண்டது இந்த மனுசனில்? கணினி அறையில் இன்னும் இருப்பாள், நேரில் கேட்டால் தெரிந்துவிடும். கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினேன். கதவின் கைபிடியில் கை வைத்துவிட்டேன்.

"மேடம்," என்றார் ரங்கராஜன் பின்னாலிருந்து. "பேசாம உக்காருங்க."

மூன்று கிழமைக்குப் பிறகு தமிழ்! உட்கார்ந்தேன்.